கால் எரிகிறது, தொட்டால் சுடுகிறதா?

ஆடித் தபசு நாட்களில் சங்கரன்கோவிலில் ஆடிச்சுற்று சுற்றியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நூற்றெட்டுச் சுற்று முடியும்போது உள்ளங்கால் தணலாய் எரியும். தண்ணீர் ஊற்றிச் சற்று உட்கார்ந்தால் அடங்கிவிடும். கல்லின் வெப்பம் காலுக்கு ஏறியது, பிறகு இறங்கியது. இதில் புதிர் இல்லை.

சுடுகல்லை மிதிக்காதவருக்கு இரவில் போர்வைக்குள் கால் எரிந்தால்? அந்தக் கால் உண்மையிலேயே சூடாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எரிச்சல்காரரின் உணர்வை நம்ப முடியாது. வேறொருவர் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

நீரிழிவால் நரம்பு கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் கால் எரியும், ஆனால் தொட்டால் சுடாது. சத்துக்குறைவாலும் எரிச்சல் வரும். 1826-லேயே கிரியர்சன் என்பவர் இந்தியர்களிடம் கண்டு எழுதிய எரிச்சல் அது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், பான்டோதெனிக் அமிலம் என்னும் பி வகை உயிர்ச்சத்தால் அது தணிவதை 1946-ல் எழுதினார். இருவர் பெயரும் அந்நோய்க்கு நிலைத்துவிட்டன.

அரிதாகச் சிலருக்குக் கால் எரிவதோடு சிவந்து, தொட்டால் உண்மையாகவே சுடும். வெப்பத்திலும் நடையிலும் கூடும், குளிர்ச்சியில் தணியும். இதற்கு எரித்ரோமெலால்ஜியா என்று 1878-ல் பெயரிட்டவர் அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல். இது குடும்பவழி வருவதும் உண்டு. அதன் காரணம் 2004-ல்தான் பிடிபட்டது. அது நம் பௌதிகத்துக்கு நெருங்கியது. நரம்பிழையின் உள்ளும் புறமும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டு. அது போதிய அளவு மாறினால்தான் சோடியம் அயனிகளின் வாயில் திறந்து, வலிச் செய்தி புறப்படும். இவர்களுக்கோ அந்த வாயில் மரபணுப் பிழையால் சிறு மாற்றத்துக்கே திறந்துகொள்கிறது. தாழ்ப்பாள் தளர்ந்த கதவு காற்றுக்கே திறப்பதைப் போல!

நோயைக் கண்டறிவதில் இரண்டு இடையூறுகள். எரிச்சல் வந்து வந்து போவதால், மருத்துவர் பார்க்கும்போது கால் சாதாரணமாயிருக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பும் எளிதில் தெரியாது. ஆகவே எரியும் நேரத்திலேயே காலைப் படமெடுத்து, எப்போது தொடங்கிற்று, எதனால் தணிந்தது என்று குறித்து வையுங்கள். இரத்தப் பரிசோதனையையும் தவிர்க்க வேண்டாம். இரத்தத் தட்டுகள் மிகையாவதாலும் இந்நோய் வரும். அவ்வகையில் ஆஸ்பிரின் வியக்கத்தக்க அளவு பயன் தருவதுண்டு. ஆனால் அதை மருத்துவர் சொல்லித்தான் விழுங்க வேண்டும்.

எரிச்சல் தாளாமல் பலர் பனிக்கட்டி நீரில் மணிக்கணக்காகக் காலை வைத்திருப்பார்கள். அப்போதைக்குச் சுகம்தான். ஊறி நைந்த தோலில் புண் வந்தபின், மருத்துவர் நோயையும் புண்ணையும் பிரித்தறிவதே கடினமாகிவிடும்.