சிமிலோடான்

சிமிலோடான் என்பது அமெரிக்கக் கண்டங்களில் வாழ்ந்து அழிந்துபோன வாள்பல் பூனைப் பேரினம் ஆகும். இது ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. 'வாள்பல் புலி' எனப் பரவலாக அழைக்கப்பட்டாலும் இது புலிக்கு நெருங்கிய உறவினம் அன்று. பூனைக் குடும்பத்தில் தனியே கிளைத்து, வழித்தோன்றல் இன்றி முடிந்துபோன துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது.

பெயரும் இனங்களும்

டென்மார்க்கு இயற்கையியலாளர் பீட்டர் வில்லெம் லுண்ட், பிரேசிலின் லாகோவா சாந்தா குகைகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1842-இல் இப்பெயரைச் சூட்டினார். கிரேக்கத்தில் கத்தி, பல் எனப் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை இது. கிராசிலிசு, ஃபட்டாலிசு, பாப்புலேட்டர் என 3 இனங்கள் அறியப்பட்டுள்ளன. தென் அமெரிக்காவில் வாழ்ந்த பாப்புலேட்டரே மிகப் பெரியது. எடை 400 கிலோகிராம் வரை இருந்திருக்கலாம்.

உடலமைப்பும் வேட்டையும்

மேல்தாடைக் கோரைப்பற்கள் வேர்ப்பகுதி உட்பட 28 செ.மீ. வரை நீண்டிருந்தன. தட்டையான இப்பற்கள் பக்கவாட்டு அழுத்தத்தில் எளிதில் முறியக்கூடியவை. எனவே, திமிறும் இரையை நேரடியாகக் கடிக்காமல், வலிமை மிக்க முன்னங்கால்களால் தரையில் அழுத்திப் பிடித்த பின்னரே கழுத்தைக் கடித்திருக்க வேண்டும். குட்டையான வாலும் பருத்த உடலும், இது நெடுந்தூரம் துரத்தாமல் பதுங்கிப் பாய்ந்த விலங்கு என்பதைக் காட்டுகின்றன.

லா பிரேயா தார்க்குழிகள்

அமெரிக்காவின் லாசு ஏஞ்சலசு நகரிலுள்ள இக்குழிகளில் சிமிலோடானின் எலும்புகள் பெருமளவில் கிடைத்துள்ளன. தாரில் சிக்கிய விலங்குகளை உண்ண வந்த வேட்டை விலங்குகளும் அதிலேயே சிக்கி மடிந்தன. சில எலும்புகளில் ஆறிய காயங்கள் காணப்படுகின்றன. காயமுற்றவை கூட்டத்தின் துணையால் பிழைத்தன எனச் சிலர் கருதுகின்றனர். இதில் ஒருமித்த கருத்து இல்லை.

அழிவு

பனியூழியின் முடிவில் தட்பவெப்பமும் தாவரங்களும் மாறின. அதே காலத்தில் மனிதர்களும் அமெரிக்கா எங்கும் பரவினர். குதிரை, ஒட்டகம், நிலவாழ் தேவாங்கு போன்ற பெரிய தாவர உண்ணிகள் அங்கு அழிந்தன. இவ்விழப்பே சிமிலோடானின் அழிவுக்கு முதன்மைக் காரணமாகப் பலராலும் கூறப்படுகிறது. எனினும், பற்களின் தேய்மானத்தை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, இறுதிக் காலத்தில் அவை பசியால் எலும்புகளைக் கடித்து உண்டதற்கான அறிகுறி இல்லை என்றது. ஆகவே, உணவுப் பற்றாக்குறை மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. அதே நிலப்பரப்பில் சிறிய இரைகளையும் உண்டு வாழ்ந்த கொயோட் ஓநாய் இன்றும் அமெரிக்காவில் வாழ்கிறது.