மதிப்பிடுவாரை மதிப்பிடுதல்

அவையிற் பேசப்பெறும் உரைகளை அவையினரே தரம் பிரித்தல் இயலுமா என்னும் வினாவிற்கு, அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டில் ராப் மால்டா தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்னும் இணையக் களத்தை ஈண்டுச் சான்றாகக் கொள்வாம். அங்கு ஒவ்வோர் உரையும் -1 முதல் 5 வரையுள்ள மதிப்பெண்ணுள் அடங்கும். பெயர் பதிந்தோர் உரை 1-இலும், பெயர் மறைத்தோர் உரை 0-இலும் தொடங்கும். தொடக்க காலத்தில், அவ்வப்போது தெரிந்தெடுக்கப்பெற்ற உறுப்பினர் மூன்று நாள்களுக்குள் செலவிடற்குரிய 5 புள்ளிகளைப் பெற்றனர். தாம் கலந்துகொண்ட உரையாடலில் அவர் நடுவராதல் கூடாது. இவ்விலக்கே அம்முறையின் உயிர்நிலை என்பது எம் துணிபு.

நடுவரே பிழைப்பின் என் செய்வது? அம்மதிப்பீடுகள் நேரியனவா எனப் பிற உறுப்பினர் ஆராயும் இரண்டாம் நிலை 1999-இல் ஏற்பட்டது. ஆயினும் குறை முற்றும் நீங்கிற்றிலது. லாம்ப், ரெஸ்னிக் ஆகிய இருவர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, சிறந்த உரைகள் இனங்காணப்பெறக் காலந்தாழ்ந்தமையையும், பிந்தி வந்தனவும் தாழ்ந்த மதிப்பெண்ணில் தொடங்கியனவும் ஒத்த கவனம் பெறாமையையும் காட்டிற்று. குறிப்பிட்ட எண்ணிற்குக் கீழ்ப்பட்டவற்றை மறைத்துப் படித்தல் வாசகர்க்கு இயலுமாதலின், பெயர் மறைத்தான் ஒருவன் பிந்திக் கூறும் மெய்யுரை, எவராலும் மறுக்கப்பெறாமலே, காண்பாரின்றிக் கிடந்துவிடும்.