மேண்டிலில் ஒளிந்திருந்த தோரியம்

பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் வாங்கும்போது சிறு துணிப்பை. ஒருமுறை கொளுத்தினால் வெள்ளைச் சாம்பல் கூடு; விரல் பட்டாலே பொடிந்துவிடும். பழைய மேண்டில்களில் அந்தக் கூடு ஏறக்குறைய முழுவதும் தோரியம் ஆக்சைடு. அதன் பளீர் வெளிச்சத்துக்குக் கதிரியக்கம் காரணமல்ல என்றாலும், தோரியம் கதிரியக்கத் தனிமம்தான்.

மேண்டில் தொழிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலத்தில், 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் கனிமம் இருப்பதை ஜெர்மானியரான ஷோம்பெர்க் கண்டார். மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையுடையது.

தோரியம்-232இன் அணுக்கருவில் 90 புரோட்டான்கள், 142 நியூட்ரான்கள். இத்தனை நெரிசல் நிலைக்காது. இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் ஒரே கட்டாக வெளியேறுகின்றன; அதுவே ஆல்பா. மிஞ்சுவது ரேடியம்-228. அதுவும் அடங்குவதில்லை: நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாற, எலக்ட்ரான் ஒன்று பீட்டாவாகப் பாய்கிறது. இப்படி ஆறு ஆல்பா, நான்கு பீட்டா கழிந்த பிறகே காரீயம்-208 ஆகி ஓய்கிறது.

எந்த அணு எப்போது சிதையும்? யாராலும் சொல்ல முடியாது. சூடேற்றினாலும் அமிலத்தில் கரைத்தாலும் வேகம் மாறாது. ஆனால் மொத்தமாக எடுத்தால் கணக்குப் பிசகாது. ஒரு கிராம் தோரியத்தில் நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன. அப்படியும் பாதி தீர 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும். பூமியின் வயதே ஏறத்தாழ 450 கோடிதான்.

இதே வரிசையில் ஒரு நிமிடத்துக்குள் பாதி தீர்ந்துவிடும் ரேடான்-220 வாயுவும் வருகிறது. மாண்ட்ரியலில் ரூதர்ஃபோர்டு தோரியத்தின் மேல் காற்றைச் செலுத்தி, அந்தக் காற்றைக் கலத்தில் அடைத்து, அதில் பாயும் மின்னோட்டத்தை அளந்தார். சுமார் ஒரு நிமிடத்தில் பாதி, அடுத்த நிமிடத்தில் அந்தப் பாதியிலும் பாதி. 1900இல் வெளியிட்ட இந்த அளவீட்டில்தான், பாதி சிதைய ஆகும் நேரமான அரை ஆயுட்காலம் பிடிபட்டது. இன்றைய கணக்கில் ரேடான்-220க்கு அது 56 நொடி. மாணவர்கள் சறுக்கும் இடமும் இதுவே: இரண்டு அரை ஆயுட்காலத்தில் எல்லாம் தீர்ந்துவிடாது, கால் பங்கு எஞ்சும்.

மோனசைட் மணலருகே கெய்கர் கருவி படபடக்கும். தோரியத்தின் ஆல்பாவோ பெரும்பாலும் மணல் துகளுக்குள்ளேயே அடங்கிவிடும்; தப்பினாலும் சில சென்டிமீட்டர் காற்றைத் தாண்டாது. கருவியை எட்டுபவை பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களான ஆக்டினியம், தாலியம் போன்றவற்றின் பீட்டாவும் காமாவும்.