பந்தயக் குழுக்களின் வாக்குறுதி

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறிச் சென்ற நேயர்களுக்கு ஒன்று நன்கு தெரியும். கால் ஓய்வதற்கு முன்பே மூச்சு வாங்கிவிடுகிறது. தசைகள் வேண்டும் பிராணவாயுவை இரத்தம் ஓர் அளவுக்குமேல் கொண்டு சேர்க்க இயலாமையே அதற்குக் காரணம். மலைப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் தொழில்முறை வீரருக்கும் இயற்கை வகுத்த எல்லை அதுவே.

அவ்வெல்லையைக் கள்ளத்தனமாகக் கடக்கப் பயன்பட்டது 'ஈ.பி.ஓ.' என்னும் மருந்து. சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகையைப் போக்க ஆக்கப்பட்ட அது, சிவப்பணுக்களைப் பெருக்குவது. நலமுள்ளவர் அதனை ஏற்றிக்கொண்டால் இரத்தம் தடித்து உறைந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

1998-இல், பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயம் தொடங்கவிருந்த வேளையில், ஃபெஸ்டினா குழுவின் ஊழியர் ஒருவர் வண்டி நிறைய மருந்துகளுடன் எல்லையில் பிடிபட்டார். அது தனி வீரர் ஒருவரின் சபலம் அன்று, குழுவே செய்த ஏற்பாடு என்பது வெளிப்பட்டது. பின்னர், அதே பந்தயத்தில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பெற்றிருந்த ஏழு பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன.

இழந்த நம்பிக்கையை மீட்கச் சில குழுக்கள் 2007-இல் ஓர் இயக்கம் கண்டு, சர்வதேச விதிகளினும் கடுமையான விதிகளைத் தாமே ஏற்றன. வீரரின் உடலில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு குறைந்திருப்பின் அவர் எட்டு நாள் ஓய்வு கொள்ளவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2015-இல் அஸ்தானா குழுவின் வீரர் ஒருவருக்கு அக்குறைவு காணப்பட்டது. அது குற்றத்துக்குச் சான்று ஆகாது. எனினும் ஏற்ற விதிப்படி அவரை நிறுத்தியிருக்க வேண்டும். குழுவோ அவரைப் பந்தயத்தில் இறக்கியது. இயக்கத்தால் தடுக்க இயலவில்லை. விரும்பி ஏற்ற விதியை விரும்பியபோது விட்டுவிடலாம் என்றால் அதனால் பயன் யாது? ஐயம் எழுந்தது இவ்விடத்தில்தான்.

நம் நாடு இதற்கு விலக்கன்று. 2023-இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 214-இல் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டது. அதாவது நூற்றுக்கு 3.8. அதே ஆண்டு செப்டம்பரில், தில்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்தனர் என்றதும் வீரர் பலர் மறைந்தனர். ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஓடியவர் ஒரே ஒருவர்!

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் பெற்றோர்க்கு இதில் என்ன அக்கறை? விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வே வேலையோ காவல்துறை வேலையோ கிட்டும் என்ற நம்பிக்கையில் மைதானம் செல்லும் பிள்ளைகள் பலர். 'சத்துப் பொடி' என்று எவரேனும் கொடுத்ததை உட்கொண்டாலும், தன் உடலில் காணப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பாளி என்பது விதி. தண்டனை நான்கு ஆண்டுத் தடை வரை செல்லும். வாலிபப் பருவத்தில் நான்கு ஆண்டு போனால் ஆட்டமும் போயிற்று, வேலையும் போயிற்று.

ஆதலின், பயிற்சியாளர் தரும் பொடியின் பெயரையும் உட்பொருளையும் கேளுங்கள். மருத்துவரிடம் காட்டாமல் ஊசி எதற்கும் இசையாதீர்கள். விடை கூற மறுப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதிருத்தல் நலம்.