நகர ஆறும் நிலத்தடிக் குழாயும்

நகர ஆறுகளின் சீரமைப்பைப் பற்றிப் பேசும்போது பசுங்கரைகளும் நடைபாதைகளுமே நம் கண்முன் தோன்றுகின்றன. ஆற்றுநீரின் தரமோ, கண்ணுக்குப் புலப்படாத கழிவுநீர்க் குழாய்களையே முதன்மையாகச் சார்ந்துள்ளது. இத்தொடர்பைச் சிங்கப்பூரின் பட்டறிவைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஆற்றில் கலக்கும் மலக்கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது, நீரில் கரைந்துள்ள உயிர்வளி செலவாகின்றது. அது குறையக் குறைய மீன்கள் மடிகின்றன, நீர் நாற்றமெடுக்கின்றது. 1970-களில் சிங்கப்பூர் ஆற்றின் நிலை இதுவே. குழாய் இணைப்பற்ற குடியிருப்புகள், தெருவோர உணவுக்கடைகள் ஆகியவற்றின் கழிவுகள் அந்த ஆற்றிலும், பன்றி, வாத்துப் பண்ணைகளின் கழிவுகள் காலாங் ஆற்றுப்பகுதியிலும் கலந்தன. 1977-இல் பிரதமர் லீ குவான் இயூ இவற்றைத் தூய்மைப்படுத்தப் பத்தாண்டு இலக்கு வகுத்தார். பண்ணைகள் அகற்றப்பட்டன, கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கழிவுநீர் இணைப்புள்ள அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. பழகிய இடத்தையும் தொழிலையும் இழந்தோர் செலுத்திய விலையும் இத்தூய்மையில் அடங்கியுள்ளது என்பதை நாம் மறத்தலாகாது. 1987-இல் வாளிக் கழிப்பறை முறையும் முடிவுற்றது. மீன்கள் ஆற்றுக்குத் திரும்பின.

கரைகளுக்கு இயற்கை வடிவம் தரும் பணி இதன் பின்னரே வந்தது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாய், 2012-இல் 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டது. கான்கிரீட் கால்வாயில் மழைநீர் விரைந்தோடிவிடும். வளைந்த ஆற்றிலோ வேகம் தணிகின்றது, வண்டல் படிகின்றது, செடிகள் ஊட்டச்சத்துகளை உறிஞ்சுகின்றன, உயிர்வளி குன்றிய சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுகின்றன.

எனினும், இவ்வாற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. சாலை எண்ணெய், மண், உரம் போன்று மழைநீர் அடித்துவரும் மாசுகளைக் கரையோரச் செடிகள் ஓரளவு தடுக்கும். ஒரு குடியிருப்பின் சாக்கடை முழுவதையும் அவற்றால் தாங்க இயலாது. சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனியே அமைந்துள்ளமையால்தான் செடிகளின் பணி எளிதாகின்றது. காலாங் ஆறு சேரும் மரினா நீர்த்தேக்கம் இன்று குடிநீர் ஆதாரமாகும். ஆகவே, நிலத்தடியில் ஒரு குழாய் விரிசலுறுமாயின் அது குடிநீரையும் பாதிக்கக்கூடும்.

குழாயின்றிக் கரையை மட்டும் அழகுபடுத்தினால் நாற்றம் நீங்காது. குழாயோடு நின்றுவிட்டால் மழைநீரின் மாசு நீங்காது. இரண்டும் தேவை, ஆயினும், நிதி குறைந்த நகரங்கள் முதலில் செலவிட வேண்டியது குழாய்க்கே என்பது நம் துணிபு.