ஆணியில்லாத கப்பலும் ஒரு வெல்டரும்

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் வழிகாட்டிகள் பலரும் சம்பளம் வாங்காத தொண்டூழியர்கள். வாசிப்பு, வகுப்பு, ஆய்வுக் கட்டுரை, ஒத்திகை என்று பல மாதப் பயிற்சி முடிந்த பிறகுதான் பார்வையாளர் முன்னால் நிறுத்துவார்கள். இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களை நான் தாங் கப்பல் கூடத்துக்குக் கூட்டிப்போவேன்.

1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கடல் அட்டை எடுக்க மூழ்கியவர்கள் கண்ணில் பட்ட கப்பல் அது. ஒன்பதாம் நூற்றாண்டில், சீனாவில் தாங் அரசமரபு ஆண்ட காலத்தில், சீனச் சரக்கோடு மூழ்கியது. கிடைத்த பொருள்கள் சுமார் 60,000. பெரும்பாலும் சீனாவின் சாங்ஷா பகுதியில் சுட்ட கிண்ணங்கள். பறவை, மீன், மேகம் என்று ஒவ்வொன்றிலும் தூரிகை புதிதாக ஓடியிருக்கிறது. பெரிய சாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியதால் 1,100 ஆண்டுகளுக்கு மேல் கடலில் கிடந்தும் பல கிண்ணங்கள் பளபளப்பு மங்காமல் இருக்கின்றன. ஒன்றில் 826ஆம் ஆண்டைக் குறிக்கும் தேதி கீறப்பட்டிருக்கிறது. கப்பலின் காலத்தைக் கணிக்க அதுதான் பெரிய துப்பு. சரக்கில் அன்னாசிப்பூவும் இருந்தது. பிரியாணிக்குப் போடுகிறோமே, அதேதான். இதைச் சொன்னதும் கூட்டமே கண்ணாடிப் பெட்டியை நெருங்கி வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவர் குழுவில் இருந்தார். இந்தக் கப்பலில் ஆணியே கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள் என்றேன்.

“எங்க தாத்தா கரைவலைக்குப் போன படகும் இப்படித்தான்க்கா. தேங்கா நார்க் கயித்துல தெச்சிருப்பாங்க. அலை தூக்கி மணல்ல அடிச்சாலும் வளைஞ்சு கொடுக்கும், பொளக்காது” என்றார். விரல்களால் தையல் போட்டே காட்டினார். சென்னைக்குப் பக்கத்துக் குப்பம் அவருக்கு. பிறகு ஒரு கேள்வி: “தையலுக்கு அடியில என்னத்த வெச்சு அடைச்சாங்க? நாங்க வைக்கோல் வெப்போம்.”

எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் கேட்காத கேள்வி. கடலை அறிந்த குடும்பத்துக்காரருக்குத்தான் அது தோன்றும். அன்றிரவே அகழாய்வுக் குறிப்புகளைத் தேடிப் படித்தேன். பெலிதுங் கப்பலிலும் தையலுக்கு அடியில் அடைப்பு வைத்து இறுக்கியிருந்தார்கள். அதுவும் உள்ளே, வெளியே என இரு பக்கமும்.

பாடமாகப் படித்துவைத்த கப்பல் அன்றைக்குத்தான் எனக்குத் தண்ணீரில் மிதந்தது. சம்பளம் தரும் எந்த வேலையிலும் இப்படியொரு ஆசிரியர் என்னைத் தேடி வந்ததில்லை. இப்போது எந்தக் குழு வந்தாலும் சோழமண்டலக் கரையின் தைத்த படகுகளைப் பற்றியும் சொல்கிறேன். சொல்லிவிட்டு, கேள்விக்காகக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறேன்.