முதலில் குற்றம், பிறகுதான் சிரிப்பு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். ‘தி தேர்ட் மேன்’ படத்தை ஏன் இன்னும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள் என்றுதானே கேட்டீர்கள்? 1949இல் வந்த பிரிட்டிஷ் படம். கதை நடப்பது வியன்னாவில். போர் முடிந்து, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் நான்கும் ஊரைக் கூறுபோட்டு வைத்திருந்த நேரம். எதற்கெடுத்தாலும் கள்ளச்சந்தைதான்.

வேலை தருவதாகச் சொன்ன நண்பன் ஹாரி லைமை நம்பி வந்திறங்குகிறான் மார்ட்டின்ஸ். மலிவு விலை கௌபாய் கதைகள் எழுதிப் பிழைப்பவன். வந்த அன்றே நண்பனுக்குச் சவ அடக்கம். விபத்தாம்.

லைம் சாகவில்லை. (ரகசியத்தை உடைத்துவிட்டேன் என்று கோபிக்காதீர்கள், படத்துக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல்.) ஆனால் இயக்குநர் கரோல் ரீட் எதை முன்னால் சொல்லி எதைப் பின்னால் காட்டுகிறார் என்று கவனியுங்கள். லைம் திருட்டு பெனிசிலினில் கலப்படம் செய்து விற்றவன். அதனால் குழந்தைகள் செத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மேஜர் இதை ஆதாரத்தோடு அடுக்கிவிடுகிறார். அதன் பிறகுதான் லைமின் முகத்தையே பார்க்கிறோம்.

லைமின் காதலி அன்னா வீட்டில் ஒரு பூனை. ஹாரியைத் தவிர யாரையும் அதற்குப் பிடிக்காது என்கிறாள். அது தெருவில் இறங்கிப் போய், இருட்டு வாசலில் நிற்கும் யாரோ ஒருவரின் காலணியை உரசுகிறது. மேலே ஒரு ஜன்னலில் விளக்கு எரிகிறது. வெளிச்சத்தில் லைமாக நடிக்கும் ஆர்சன் வெல்ஸின் முகம். குறும்பாக ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், நமக்கு அவனைப் பிடித்துப்போகிறது! வரிசை மாறியிருந்தால் ‘தெரியாமல் ஏமாந்தோம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சாக்கையும் ரீட் நமக்கு விட்டுவைக்கவில்லை.

சாய்ந்த கோணங்களும் ஈரத் தெருக்களுமாகப் படமெடுத்த ராபர்ட் கிராஸ்கருக்கு ஆஸ்கர் கிடைத்தது. இசை முழுக்க ஆன்டன் கராஸ் வாசித்த ஜிதர் என்ற தந்திக் கருவி. துள்ளலாகத்தான் இருக்கும், அதுவே உறுத்தும்.

கடைசிக் காட்சியில் எழுந்துவிடாதீர்கள். மார்ட்டின்ஸும் அன்னாவும் சேர்வதாக முடிக்க விரும்பினார் கதாசிரியர் கிரகாம் கிரீன். ரீட் ஒத்துக்கொள்ளவில்லை. கல்லறைச் சாலையில் காத்திருப்பவனை ஏறிட்டும் பார்க்காமல் அன்னா நடந்து போகிறாள். ரீட் செய்ததே சரி என்று பிற்பாடு கிரீனே எழுதினார்.